புன்னங்கொட்டை டீசலும் குடி விசாரணையும்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நீளமெல்லாம் இல்லை, எல்லோருக்கும் உள்ள அளவுதான். மற்றவர்கள் வாய்க்குள் வைத்து மெல்லுவதை நான் வெளியே சொல்லிவிடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாயால் ஒருமுறை என் புருஷனுக்குக் குடியே இல்லாமல் போனது. அந்தக் கதையைச் சொல்வதென்றால் டீசலில் இருந்து தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சிறுபோகம். கல்முனைப் பக்கம் டீசல் என்ற சாமானே கண்ணில் படாமல் போயிருந்தது. பாதைகள் இன்றைக்குத் திறக்கும், நாளைக்கு மூடும். பவுசர் லொறி வருகிறது என்று யாராவது கத்தினால் ஊரே கலன்களைத் தூக்கிக்கொண்டு ஓடும். போய்ப் பார்த்தால் அது தண்ணீர் பவுசராக இருக்கும். இரண்டு முறை நானும் ஓடியிருக்கிறேன்.

டீசலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், வயல்தான். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணி. வாய்க்காலின் கடைசிக் காணி அது. மேலே உள்ளவர்கள் எல்லோரும் குடித்து, குளித்து, மாட்டையும் கழுவிய பிறகு மிச்சமிருந்தால் எங்களுக்குத் தண்ணீர் வரும். அதற்காகத்தான் வடிச்சல் ஓடைக்கரையில் ஒரு பம்ப் வைத்திருந்தோம். முந்தின போகம் வரை காணியை வேறொருவர் குத்தகைக்குச் செய்துவந்தார். அந்தப் போகத்தில்தான் என் புருஷன் “நானே செய்யிறன்” என்று இறங்கினார். அவர் மருதமுனையில் தறி வைத்திருந்தவர். நூலுக்குச் சாயம் போடுவதில் கைதேர்ந்தவர். நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது வெந்தால் சோறு என்பது மட்டும்.

என் காக்கா வந்து வயலைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இந்த முறை நீ கடையில அரிசி வாங்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் கடையிலும் அரிசி இல்லை. பாதை மூடினால் லொறி வராது, லொறி வராவிட்டால் அரிசி வராது. அந்த வயல் விளைந்தால் எங்கள் வீட்டில் மாரி வரைக்கும் சோறு, விளையாவிட்டால் மரவள்ளிக்கிழங்கு. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். உண்மையாகவே பயந்துபோனேன்.

பயிர் குடலைப் பருவத்துக்கு வந்த நேரம் பார்த்து வாய்க்கால் வற்றியது. கதிர் வயிற்றுக்குள் இருக்கும்போது தண்ணீர் இல்லாவிட்டால் வருவதெல்லாம் பதர்தான். பம்ப் ஓடைக்கரையில் ஊமையாகக் குந்தியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அவர் அட்டாளைச்சேனைக்குப் போய் வந்தார். அங்கே ஆசிரியர் கலாசாலையில் இரசாயனம் படிப்பிக்கிற கூட்டாளி ஒருவர் அவருக்கு இருந்தார். போகும்போது செத்த முகத்தோடு போனவர், வரும்போது பெருநாள் முகத்தோடு வந்தார்.

“இஞ்ச புள்ள, டீசலை நாமளே செய்யலாம்.”

“உப்பும் புளியும் போட்டா மச்சான்?”

“விளையாடாத. புன்னங்கொட்டை எண்ணெய். அது தடிப்பான எண்ணெய், எஞ்சினுக்குள்ள போனா அடைச்சிரும். ஸ்பிரிட்டில கோஸ்டிக் சோடாவக் கரைச்சு அந்த எண்ணெயோட கலந்தா, எண்ணெய் பிரிஞ்சு தண்ணி மாதிரி வந்திரும். டீசல் எஞ்சின் அதில ஓடும்.”

கோஸ்டிக் சோடா எங்கள் வீட்டில் சீனியைவிடத் தாராளமாக இருந்தது. சாயம் போட அதுதான் வேண்டும். புன்னங்கொட்டைக்கும் பஞ்சமில்லை. பெரியநீலாவணைக் கரையில் புன்னை மரங்களுக்குக் கீழே அது கொட்டிக் கிடக்கும். அங்கே மீன்பிடிக்கிறவர்கள் தோணிப் பலகைக்குப் பூச அந்த எண்ணெயை வைத்திருப்பார்கள். அவர்களிடம் காய்ந்த கொட்டையைச் சாக்குச் சாக்காக வாங்கி வந்தார். பதிலுக்குச் சாரன்கள் போயின. எங்கள் தறிச் சாரனை உடுத்துக்கொண்டு ஒரு கரையே வலை இழுத்ததை நான் கண்ணால் கண்டேன்.

கொட்டையை உடைத்தோம், பருப்பைக் காயவைத்தோம், செக்குக்குக் கொடுத்தோம். கரும்பச்சையாக ஓர் எண்ணெய் வந்தது. அதன் வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. வீட்டுக்குள் வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார்கள்.

மிச்சமிருந்தது ஸ்பிரிட். பெற்றோமக்ஸ் விளக்கைச் சூடாக்க ஊற்றுவோமே, ஊதா நிறத்தில், அதுதான். கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது விளக்குக்கு ஊற்றுகிற ஒரு மூடி ஸ்பிரிட் இல்லை. கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கி, இருந்ததையெல்லாம் துடைத்துக்கொண்டு வந்தார். இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் ஸ்பிரிட்டை வெறும் போத்தலில் ஊற்றித்தான் தருவார்கள். வெறும் போத்தல் என்றால் பழைய போத்தல் வியாபாரியிடம் வாங்கியது. பழைய போத்தல் வியாபாரியிடம் அதிகமாக இருப்பது சாராயப் போத்தல். ஆகவே ஒரு துளி சாராயம் விற்காத எங்கள் ஊரில், எங்கள் வீட்டுச் சாயக் கொட்டில் சுவரோரம் சாராயப் போத்தல்கள் வரிசையாக நின்றன. சிலவற்றில் லேபலும் கிழியாமல் இருந்தது.

முதல் முறை செய்த நாளை மறக்க முடியாது. சாயம் காய்ச்சுகிற கிடாரத்தில் எண்ணெயைச் சூடாக்கினார். அடுப்பை அணைத்து, தணலையும் வெளியே அள்ளிக் கொட்டிய பிறகுதான் ஸ்பிரிட்டைக் கொட்டிலுக்குள் எடுக்க விட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. கோஸ்டிக் கரைத்த ஸ்பிரிட்டை ஊற்றி, நூல் கிண்டுகிற தடியால் கிண்டினார். “விடிஞ்சா ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். மேல நிக்கிறது டீசல்” என்றார்.

விடிந்தது. ஒன்றும் பிரியவில்லை. கிடாரம் நிறைய, அல்வா மாதிரி, தொதல் பதத்தில் ஏதோ ஒன்று இறுகியிருந்தது. தடி நடுவில் நட்டபடி நின்றது. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நான் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தேன். நுரைத்தது.

“மச்சான், டீசல் நுரைக்குமா?”

அத்தனை எண்ணெயும் அத்தனை ஸ்பிரிட்டும் சவர்க்காரமாகியிருந்தன. உடுப்பில் தேய்த்தால் அழுக்குப் போய் வாடை ஏறியது. சிரிக்கவும் முடியவில்லை. வயலில் ஒவ்வொரு நாளும் வெடிப்பு அகலமாகிக்கொண்டிருந்தது.

மறுபடியும் அட்டாளைச்சேனைக்கு ஓடினார். கூட்டாளி இரண்டு காரணம் சொல்லியனுப்பினார். புன்னை எண்ணெயில் புளிப்பு அதிகம், முதலில் கொஞ்சம் கோஸ்டிக் தண்ணீரால் அந்தப் புளிப்பை முறிக்க வேண்டும். அடுத்தது, ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கிறது, நீற்றாத சுண்ணாம்பைப் போட்டு வைத்தால் சுண்ணாம்பு அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். நல்ல விளக்கம்தான். ஆனால் உறிஞ்ச வைப்பதற்கு ஸ்பிரிட் எங்கே? கடைகளை நாங்களே காலி பண்ணியாயிற்று. ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெரிய தகரம். அது பள்ளிவாசல் சாமான் அறையில், பெற்றோமக்ஸ் விளக்குகளுக்காக வைத்திருந்தது. அறைப் பூட்டின் திறப்பு மரைக்காரிடம்.

மரைக்கார் என்றால் யார் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி, அதாவது வம்சம், உண்டு. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. கல்யாணம் பேசினாலும், கந்தூரிச் சோறு என்றாலும், மௌத்து என்றாலும் குடிதான் முன்னுக்கு நிற்கும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்கார் இருப்பார். திறப்பு வைத்திருந்தவர் என் புருஷனின் குடிக்கு மரைக்கார், அவருக்கு மாமா முறை. ஆகவே கேட்டால் தருவார் என்று நம்பினோம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என் புருஷன் போய்க் கேட்பதாக இருந்தார். காலையில் சுண்ணாம்புச் சூளைக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ராத்தா தன் வேலையைச் செய்து முடித்திருந்தார். வேலிக்கு மேலால் அவர் தலை தெரிந்தால் ஊருக்கு ஏதோ செய்தி போகப்போகிறது என்று அர்த்தம்.

“என்னகா புள்ள, உங்கட கொட்டிலுக்க போத்தல் நிறையக் கிடக்கு?”

“அது ஸ்பிரிட் ராத்தா. வயலுக்கு.”

“ஓம் ஓம். வயலுக்கு.” அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுவதும் பேச்சாகிவிட்டது. அவர் நடந்தால் ஸ்பிரிட் வாடை. இரவெல்லாம் வயலை நினைத்து உறங்காததால் கண் சிவப்பு. வேறு என்ன சாட்சி வேண்டும்? தண்ணீர்ப் பைப்படியில் நான் போனால் கதை நிற்கும். “பாவம் புள்ள” என்று ஒருத்தி என் தோளைத் தடவினாள். அந்தக் கையை அப்படியே முறித்திருப்பேன், குடம் இடுப்பில் இருந்ததால் விட்டேன்.

நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தபோது, அவர் சூளைக்குப் போயிருந்த அந்தக் காலையில்தான் மோதினார் வந்தார். பள்ளியில் பாங்கு சொல்லப் புதிதாக வந்தவர், வேறு ஊர், எங்கள் ஆட்களைத் தெரியாது. பள்ளிக் கந்தூரிக்கு எந்த வீடு எந்தக் குடியோடு சேரும் என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாக வந்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டாவது கேட்டிருக்கலாம். ஸலாம் சொன்னார், வாசலில் நின்றார், மூக்கைச் சுருக்கினார், கேட்டார்:

“வீட்டுக்காரர் என்ன குடி?”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. “என்ர புருஷனுக்கு ஒரு குடியும் இல்ல. இண்டைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. குடி எண்டு கதைச்சுக்கொண்டு இந்த வாசலுக்கு ஒருத்தரும் வரப்படாது எண்டு உங்கள அனுப்பின ஆக்களுக்கும் சொல்லுங்க.”

அந்த மனிதர் ஒரு நல்ல மனிதர். நான் சொன்னதை ஓர் எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பகல் சாப்பாட்டுக்கு முந்தி மரைக்கார் மாமா வந்துவிட்டார். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. முகம் மட்டும் சிவப்பு. கதிரை எடுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

“மகள், அவன் குடிய விட்டுட்டானாமே?”

“விடுறதுக்கு அவர் எப்ப மாமா தொடங்கின? அவர் தொடங்கவே இல்ல.”

“தொடங்கவே இல்லயா? உம்மாட வயித்தில இரிக்கக்குள்ளயே வந்த குடியெல்லாம் இப்ப இல்லாமப் போச்சா?”

“மாமி மௌத்தாகி எத்தின வருஷம். அவவ ஏன் இதுக்க இழுக்கிறீங்க? அஞ்சு நேரமும் தொழுத மனிசி. அவ ஒருநாளும் குடிச்சவ இல்ல.”

மரைக்கார் மாமா குடையை மற்றக் கைக்கு மாற்றினார். “குடிச்சவ எண்டு ஆர் சொன்ன?”

“இப்ப நீங்கதானே சொன்னீங்க, அவவுக்கும் குடி இருந்த எண்டு.”

“இருந்த. ஊருக்குள்ள பெரிய குடி. அவட உம்மாவுக்கும் இருந்த. எனக்கும் இரிக்கி.”

நான் வாயில் கைவைத்தேன். “உங்களுக்குமா மாமா? மரைக்காரா இருந்துகொண்டா?”

“மரைக்கார் எண்டா குடி இருக்கத்தானே வேணும்? குடி இல்லாம மரைக்கார் எப்படி?”

இதற்கு மேல் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பள்ளியில் முதல் வரிசையில் நிற்கிற மனிதர் பட்டப்பகலில் வாசலில் நின்று இப்படிச் சொல்கிறாரே என்று அழுகையே வந்துவிட்டது. “நாங்க ஏழ எண்டாலும் அப்படி ஆக்கள் இல்ல மாமா” என்று சொன்னேன். வேலிக்கு மேலே ராத்தாவின் தலை வந்திருந்தது. வேலி முறியுமளவுக்குச் சாய்ந்திருந்தார்.

“குடி இல்லயெண்டா நாளைக்கு அவன்ட ஜனாஸாவுக்கு ஆர் முன்னுக்கு நிக்கிற?” என்று மரைக்கார் மாமா சத்தம் போட்டார்.

ஜனாஸா என்று மௌத்துக் கதை வந்த பிறகுதான் எனக்கு மூளை திரும்பியது. அவர் சொல்கிற குடி எது, நான் சொல்கிற குடி எது என்று புரிந்த நேரத்தில் படலையால் என் புருஷன் வந்தார். தலை, தாடி, மீசை எல்லாம் சுண்ணாம்பு. தோளில் ஒரு மூட்டை. ஜனாஸாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் அப்படி வந்து நின்றது பொருத்தமாகத்தான் இருந்தது.

விஷயத்தை விளக்க நான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துச் சொன்னதில் மரைக்கார் மாமாவுக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அவர் கொட்டிலுக்குள் போய்த் தானே பார்த்தார். போத்தல்களைப் பார்த்தார். ஒரு வெறும் போத்தலை முகர்ந்தார். கிடாரத்தில் இருந்த பச்சைத் தொதலை விரலால் தொட்டார். பிறகு எண்ணெய்த் தகரத்தின் மூடியைத் திறந்து குனிந்தவர், உடனே நிமிர்ந்து வெளியே வந்து நல்ல காற்றை இழுத்தார்.

“இதோட கலக்கிறத்துக்கா ஸ்பிரிட்?”

“ஓம் மாமா.”

“அப்ப குடிக்கிறத்துக்கு இல்ல” என்றார். “இந்த வாடையோட ஒருத்தன் குடிப்பானெண்டா அவன விசாரிக்கப்படா, ஓதிப் பார்க்கத்தான் வேணும்.”

அவர் கதிரையில் இருந்ததும் என் புருஷன் வயலின் நிலையைச் சொல்லித் தகரத்தைக் கேட்டார். மரைக்கார் மாமா உடனே சரி என்று சொல்லவில்லை. பள்ளிச் சாமான், விளக்குக்கென்று வாங்கியது. கடைசியில், அதே அளவு ஸ்பிரிட்டைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவரை விளக்குகளை மண்ணெண்ணெய் நனைத்த தும்பால் சூடாக்கலாம் என்று முடிவானது. இன்னொரு நிபந்தனையும் போட்டார். “ஒரு சொட்டும் வேற வழியில போகப்படா. பம்ப் அடிக்கக்குள்ள நானும் வருவன்.” எங்களை நம்பினார், ஊரை நம்பவில்லை.

இரண்டாம் முறை நான் கிடாரத்துக்குக் கிட்டவே போகவில்லை. என் கண் பட்டுத்தான் முதல் தடவை இறுகியது என்று அவர் மறைமுகமாகச் சொல்லியிருந்தார். புளிப்பை முறித்தார், சுண்ணாம்பில் கிடந்த ஸ்பிரிட்டை வடித்தார், கலந்தார், மூடினார். மறுநாள் காலையில் “புள்ள” என்று ஒரு குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கிடாரத்தின் அடியில் கருப்பட்டிப் பாணி போலக் கறுப்பாக ஒன்று படிந்திருந்தது. அதற்கு மேலே தேன் நிறத்தில், மெல்லிசாக, தடியை எடுத்தால் சொட்டுச் சொட்டாக விழுகிற ஒன்று நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. எனக்கு அவரை அந்த நேரம் மிகவும் பிடித்தது. சொல்லவில்லை, சொன்னால் கிடாரத்தைக் கழுவ மாட்டார்.

தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் வைத்து, தறித் துணியில் வடித்து, கலன்களில் நிரப்பினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடிய பஸ்ஸில் கலன்களை ஏற்றினோம். நானும் ஏறினேன்.

“வயல் வட்டைக்குள்ள பொம்புளைக்கு என்ன வேல?” என்றார் மரைக்கார் மாமா.

“காணி என்ர பேரில மாமா” என்றேன். அதற்குப் பிறகு வரிப்பத்தான்சேனை வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

வயலில் இறங்கினோம். நிலம் கால் நுழையுமளவுக்கு வெடித்திருந்தது. இலைகள் நடு மத்தியானத்தில் ஓலைப்பாய் போலச் சுருண்டு நின்றன. அவர் பிஸ்மி சொல்லிப் பம்ப்பைச் சுற்றினார். இருமியது. மறுபடி சுற்றினார், மறுபடி இருமியது. மரைக்கார் மாமா தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் ஒரு சுற்றுச் சுற்றினார். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பம்ப் பிடித்தது. வட்டை முழுவதும் யாரோ பழைய எண்ணெயில் பலகாரம் சுடுகிற வாடை. அடுத்த காணிகளில் இருந்து ஆட்கள் என்ன விசேஷம் என்று எழும்பிப் பார்த்தார்கள்.

தண்ணீர் வந்தது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது நிலம் சத்தம் போட்டுக் குடித்தது. வயல் துண்டான ஒவ்வொரு வரவைக்கும் அவர் வரம்பை வெட்டி விட்டார், மரைக்கார் மாமா வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மண் இழுத்தார். நான் வரம்பில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதற்கு வேறு பெயர் ஒன்றும் இல்லை.

கடைசி இரண்டு வரவைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்கு முன்னம் பம்ப் நின்றது. அவர் கலனைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் இல்லை. மேல் வரவைகளில் இருந்து கொஞ்சம் திறந்துவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தார்.

மரைக்கார் மாமா அந்த மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம் மகன். பிரிச்சு விட்டா எல்லாம் பதராப் போகும். அந்த ரெண்டையும் விடு.”

அவர் விட்டார். அந்த இரண்டு வரவைகளின் கதிர் மாட்டுக்குத்தான் போனது. மிச்சம் விளைந்தது. அமோகமாக என்று சொல்ல மாட்டேன், காக்கா வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகுமளவுக்கு விளைந்தது. நெல்லை அவித்துக் குத்தி, வீட்டுக்குள் அரிசி வந்த கிழமை பாதை மறுபடி மூடியது. கடைகளில் பலகை போட்டுவிட்டார்கள். ஊரில் பல வீடுகளில் இரண்டு நேரமும் கிழங்கு.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு ராத்தா வந்தார். வேலிக்கு மேலால் இல்லை, படலையால். முக்காட்டுக்குள் ஒரு சுளகை மறைத்துப் பிடித்திருந்தார். என்ன கேட்க வந்திருக்கிறார் என்று சுளகைக் கண்டதும் தெரிந்துவிட்டது. அந்த மனிசிக்குச் சொல்வதற்கென்று மாதக்கணக்காக ஒரு பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். முதல் வசனம், நடு வசனம், கடைசி வசனம் எல்லாம் பாடம். பைப்படியில் குடத்தோடு நின்று ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

ஒன்றும் பேசாமல் கொத்தால் அளந்து சுளகில் போட்டேன். அவர் உடனே போகவில்லை. குனிந்து அரிசியை முகர்ந்தார்.

“புள்ள, கோவிக்காத. இது அந்தச் சாமானில விளைஞ்சதுதானே. ஹறாம் ஒண்டும் இல்லயே?”

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. முதல் வசனம் நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். சுளகின் ஓரத்துக்குப் போன ஒற்றை மணிகளைப் பொறுக்கி நடுவில் சேர்த்துக்கொண்டிருந்தது. “என்ர சின்னவன் ரெண்டு நாளா கிழங்க வாயில வைக்கிறான் இல்ல” என்றார், சுளகைப் பார்த்தபடியே.

“ஹலால்தான் ராத்தா” என்று சொல்லி, இன்னும் ஒரு கொத்து அள்ளிப் போட்டேன்.